என் மகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய அண்ணன்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பதற்கே கூச்சப்படுகிறவள், இப்படிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் படித்த பள்ளியில் ஆண்டு மலர் போட்டார்கள். அங்கே உள்ள தலைமை ஆசிரியை என்னை வரச் சொல்லி, “நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து பட்டாளத்துக்குப் போன முதல் பொண்ணு உங்க மக. அம்மாவா நீங்க பெருமையா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆசிரியை அதைத் திருத்தி, கொஞ்சம் சேர்த்து, மகளின் புகைப்படத்தோடு போட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் என் அண்ணன் இல்லை. அவரை எழுதினால் அது பெருமையாக வராது. அதனால் தனியாக இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். மஞ்சள் காமாலை முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் என் அண்ணன் ஒரு வண்டியோடு வந்து எங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றினார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு சென்ட்ரிங் தொழில். வீடு கட்டுகிறவர்கள் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது, அடியில் அதைத் தாங்க, கலவை ஒட்டாமல் ஆயில் தடவிய இரும்பு ஷீட்டும் முட்டுக் கம்புகளும் அடித்துக் கொடுப்பார். காரைக்குடியில் வீடுகள் முடிந்து கண்மாய் தொடங்குகிற பக்கத்தில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து, சுவர் எழுப்பி, ஒரு அறையும் அடுப்படியுமாக ஆக்கி வைத்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் எங்கள் அடுப்படி. எங்களுக்கென்று தனி வாசல் கிடையாது. அவர்கள் வீட்டு முன்கட்டு வழியாகத்தான் நாங்களும் போவோம், வருவோம்.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணன் அந்தக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் அடுப்படிப் படியில் உட்காருவார். நான் வரக்காப்பி போட்டுக் கொடுப்பேன். மதினி போடுகிற காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வருவார். இருந்தாலும் இங்கேயும் ஒன்று. பெரிதாக ஒன்றும் பேச மாட்டார். “புள்ள எந்திரிச்சிருச்சா?” என்பார். “அரிசி இருக்கா?” என்பார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படியில் உட்காராத நாள், அவர் வெளியூர் போன நாள்தான்.

அண்ணனுக்கு ஒரே மகன். என் மகளைவிட ஐந்து வயது பெரியவன். என் மகள் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீர் அண்ணன் வீட்டிலிருந்துதான் வந்தது. வரிசைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவனும் இருந்தான். அப்போது பதினோராம் வகுப்புப் பையன். பழத்தட்டை வைத்துக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தான்.

“மாப்பிள்ளை, தட்டைச் சாய்ச்சுப் பிடிக்காதீக. ஆப்பிள் ஒண்ணு கொறைஞ்சா நாளப்பின்ன பொண்ணு கேள்வி கேக்கும்” என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கச் சிரிப்பு.

மதினி என் மகளின் தலையில் பூ வைத்துவிட்டு, “இப்ப உங்க ஆத்தா வீட்டுல உக்காந்து வாங்கிக்கிற. அடுத்த தடவை வைக்கையில என் வீட்டுக்குள்ளயே வந்துரணும், ஆமா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் சொந்தத்துக்குள் பெண் கேட்கிற வழக்கம் இல்லை. அந்நியத்தில் என்றால் ஆள் விட்டுக் கேட்பார்கள், நாள் பார்ப்பார்கள். கூடப் பிறந்தவள் வீட்டில் போய் உன் மகளை என் மகனுக்குக் கொடுப்பாயா என்று அண்ணன் கேட்டால், அவள் கொடுக்க மாட்டாள் என்று அவர் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அதனால் அவர் கேட்கவில்லை, நான் சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் கேட்டால் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், இந்தப் பெண் இந்த வீட்டுக்கு என்று.

பட்டாள ஆசை முதலில் என் அண்ணன் மகனுக்குத்தான் வந்தது. பிளஸ் டூ முடித்ததும் அதே நினைப்பாக இருந்தான். வெயில் ஏறும் முன்னே எழுந்து கண்மாய்க் கரையில் ஓடுவான். கொல்லையில் இரண்டு முட்டுக் கம்புகளை நட்டு, குறுக்கே ஒரு பைப்பைக் கட்டி அதில் தொங்குவான். முதல் தடவை ஆள் எடுப்புக்குப் போனபோது ஓட்டத்திலேயே பின்தங்கிவிட்டான். அடுத்த தடவை ஓட்டத்தில் தேறினான். மருத்துவச் சோதனையில், காலில் நரம்பு சுருண்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வயது கடந்துவிட்டது. அண்ணன் அவனைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனார்.

வயது கடந்த பிறகும் அவன் ஓடுவதை விடவில்லை. என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடி ஜெயித்திருந்தாள். விளையாட்டு டீச்சர் தினமும் ஓடிப் பழகச் சொன்னார். விடியும் முன் பெண் பிள்ளையைத் தனியாகக் கண்மாய்ப் பக்கம் அனுப்ப எனக்குப் பயம். அண்ணன்தான், “அவன் போறான்ல, கூடப் போகட்டும்” என்றார். தெருவில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வேறு பையனோடு அந்த நேரத்தில் போயிருந்தால் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவனோடு போனதால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடிவிட்டு வந்து இருவரும் என் அடுப்படி வாசலில் மூச்சிரைக்க நிற்பார்கள். 

“அத்தை, உங்க மகளுக்கு நெஞ்சுக்குள்ள என்ன மோட்டாரா வச்சிருக்கீக? நிக்கவே மாட்டேங்குறா” என்பான்.

“அம்மா, அப்புடி ஒண்ணும் இல்ல. மச்சான் மதகுகிட்ட வந்ததும் செருப்புக்குள்ள கல்லு, கொலுசுக்குள்ள கல்லுன்னு உக்காந்துக்கிறாக.”

“நான் எங்க கொலுசு போட்டேன்?”

“அதான் நானும் கேட்டேன்.”

அண்ணன் படியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிக்க மாட்டார். ஆனால் அன்றைக்குக் காப்பி மெதுவாகத்தான் இறங்கும்.

பெண் பிள்ளைகளையும் ராணுவ போலீஸ் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று போனில் பார்த்துச் சொன்னவன் அவன்தான். பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போய் மனுப் போட்டதும் அவன்தான். “எனக்குத்தான் குடுத்து வைக்கல. இவ எழுதிப் பாக்கட்டும் அத்தை” என்றான். எனக்கு அது கிடைக்கும் என்ற எண்ணமே இல்லை. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். “புள்ள ஆசைப்படுது, எழுதட்டும்த்தா” என்றார். மதினிகூட, “பட்டாளத்துப் பரீச்சையில மார்க்கு வாங்குனா மிலிட்டரி கேண்டீன் சாமான் வந்துரும், எனக்கு ரேஷன் கடை வரிசையில நிக்கிற வேலை மிச்சம்” என்று கேலி பேசினார். நாங்கள் எல்லோரும் அதை ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரித்தான் நினைத்திருந்தோம்.

கம்ப்யூட்டரில் எழுதும் பரீட்சையில் தேறிவிட்டாள். பிளஸ் டூவும் முடிந்திருந்தது. ஓட்டத்துக்கு வேலூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்களை அண்ணன்தான் கூட்டிப் போனார். மகனுக்கு அன்று ஒரு வீட்டில் கான்கிரீட் போடுகிற வேலை. கான்கிரீட் நாளில் சென்ட்ரிங் ஆள் பக்கத்தில் இல்லாமல் முடியாது. அவன் வரவில்லை.

மைதானத்துக்குள் பெற்றவர்களை விடவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. நாங்கள் அங்கே நின்றோம். அங்கே மீசை வைத்த ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். அவராகவே அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தார்.

“உங்க பொண்ணா?”

“தங்கச்சி மக. என் மகனுக்குத்தான் கட்டணும்” என்றார் அண்ணன்.

என் அண்ணன் வாயால் அதைக் கேட்டது எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிறார். 

“அப்ப நாலு வருஷம் பொறுக்கணும் நீங்க” என்றார் அந்தப் பெரியவர். “சேந்த நாள்ல இருந்து நாலு வருஷத்துக்குக் கல்யாணம் பண்ணக் கூடாது. அதுக்கப்புறம் நிரந்தரமா வச்சுக்கிட்டாலும் வச்சுக்கிருவாங்க. அப்புடி ஆயிட்டா எந்த ஊருக்குப் போடுவாங்கன்னு சொல்ல முடியாது. காஷ்மீரம் வரைக்கும் போகணும். தெரியும்ல?”

“தெரியும், தெரியும்” என்றார் அண்ணன். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் டீ கிளாஸைப் பாதியோடு வைத்துவிட்டார்.

மைதானத்தில் இருந்து மகள் வெளியே வந்தபோது முட்டியெல்லாம் செம்மண். முதல் ஆட்களில் ஒருத்தியாக வந்துவிட்டாளாம். உயரம் தாண்டுவதிலும் தேறிவிட்டாளாம். “மாமா, நான் பாஸாயிட்டேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். “சந்தோஷம் தாயி” என்று சொல்லி, அவளுக்கு இளநீர் வெட்டச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருச்சி தாண்டி வீடு வரும்வரை அண்ணன் அந்தத் தோளை அசைக்கவே இல்லை.  நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவச் சோதனையும் முடிந்து, தேர்வாகிவிட்டாள் என்று தெரிந்த அன்று மதினி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“ஊருல மாமியாக்காரி மருமக ஓடிறக் கூடாதுன்னு பயப்படுவா. நான் மகனைக் கூட அனுப்பி ஓடப் பழக்கியிருக்கேன்” என்றார். “நாலு வருஷம் என் மகன் என்ன பண்ணணும்? சொல்லு.”

நான் கழுநீரை வாளியில் சாய்த்தேன்.

“நாலு வருஷம் கழிச்சுப் பேண்ட்டும் தொப்பியுமா வந்து, இங்குட்டு உக்காந்து ஷீட்டுக்கு ஆயில் தடவுவாளா உன் மக?”

“மதினி, அவ சின்னப் புள்ள...”

“சின்னப் புள்ளையத்தான் துப்பாக்கி தூக்க அனுப்புறியாக்கும்.”

 அப்புறம் அவரே குரலை இறக்கினார். “சரி, இப்பவே கல்யாணம் வேணாம். பூ மட்டும் வச்சுருவோம். நாலு பேருக்குத் தெரியட்டும். காத்துக்கிடுறோம். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். அவுக வாயைத் தொறக்கல.”

அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை. எங்களை அத்தனை வருஷம் ஒரு சொல் சொல்லாமல் வைத்திருந்தவர். நான் மகளிடம் கேட்டேன். அவள் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“மச்சான் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. நாலு வருஷம் கழிச்சு நான் எப்புடி இருப்பேன்னு எனக்கே தெரியல. தெரியாம பூவை வச்சுக்கிட்டு, அப்புறம் மாட்டேன்னு சொன்னா மாமா மூஞ்சியில நான் எப்புடி முழிக்க?”

“அப்ப போக வேணாம்னா?”

“அப்பவும் மாமா மூஞ்சியிலதான் முழிக்கணும்” என்றாள். மறுபடியும் ஷூவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையே தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. கல்யாணம் மட்டும் இல்லை, நிச்சயம் ஆகியிருந்தாலே தள்ளிவிடுவார்கள், போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கும், ஒருவர் மாற்றிச் சொன்னால் போச்சு என்று. அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நம்பினேன். மகளும் நம்பினாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணன் மகன் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன், சிமெண்ட் அப்பிய கையோடு என் அடுப்படி வாசலில் நின்றான். மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான்.

“அத்தை, அம்மா ஏதாச்சும் சொல்லிருந்தா மனசுல வச்சுக்கிறாதீக.”

“அவுக சொன்னதுல தப்பில்லப்பா.”

“நீங்க அவளைப் போக வேணாம்னு சொல்லிறாதீக. நீங்க சொன்னா நின்னுருவா. நான் சொன்னாலும் நின்னுருவா. எனக்குத் தெரியும்.” கையில் காய்ந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். “அதான் நான் சொல்லல.”

உள்ளே வந்து உட்கார் என்றேன். கை அழுக்கு என்று சொல்லிப் போய்விட்டான். 

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால் எல்லோரும் வீட்டில் இருந்தோம். எங்களுக்குத் தனி வாசல் இல்லாததால் அவர் அண்ணன் வீட்டு முன்னால்தான் பைக்கை நிறுத்தினார். அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற கண்டக்டரும் அவர் சம்சாரமும் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு நின்றார். மதினி நிலைப்படியில். நான் அவருக்குப் பின்னால். மகள் வீட்டுக்குள்ளே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அண்ணன் மகன் வாசல் திண்ணையில் சாய்த்து வைத்திருந்த ஷீட்டுகளைச் சும்மா அடுக்கிக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரர் நல்ல மாதிரி. பேப்பரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனார். கேஸ் எதுவும் உண்டா, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள், அப்பா என்ன ஆனார்.

“பொண்ணு எப்புடிங்க, நல்ல பொண்ணா?” என்று கண்டக்டரிடம் கேட்டார்.

“அந்தப் புள்ள நிமிந்து பாத்து நான் பாத்ததில்ல சார். எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றார் கண்டக்டர். போலீஸ்காரர் சிரித்தார்.

அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார். “கல்யாணம் ஆகலைன்னு எழுதிருக்கு. சரிதானே? நிச்சயம் கிச்சயம், சொந்தத்துல பேசி வச்சிருக்கிறது, அப்புடி எதுவும் இருக்கா?”

ஷீட் அடுக்குகிற சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா மதினியைப் பார்த்தார். மதினி, “அது வந்து சார்...” என்று தொடங்கினார்.

“இல்ல சார்” என்றார் அண்ணன். “யாருக்கும் பேசி வைக்கல.”

“நீங்க தாய்மாமன்ல? உங்க வீட்டுல பையன் இருக்காப்புல போல.”

“இருக்கான். அவனுக்கு வெளியிலதான் பாக்குறோம்.”

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். கண்டக்டர் தரையைப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் போய்விட்டார்.

எங்கள் ஆட்களில் சொல்லாமல் இருக்கிற பேச்சுக்கு எவ்வளவு பலம் உண்டோ, நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட பேச்சுக்கு அதைவிட அதிகம். அண்ணன் போலீஸுக்காகச் சொன்னார், சும்மா சொன்னார் என்று பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. தெரு கேட்டுவிட்டது. என் மகளின் மேல் அவர் வீட்டுக்கு இருந்த உரிமையை அவர் வாயாலே அறுத்துவிட்டார். அதை அவர் தெரிந்தேதான் செய்தார்.

பைக் போன பிறகு மதினி கேட்டார். “நம்ம மகனை நெனச்சீகளா, இல்லையா?”

“நெனச்சேன்.”

“என்னத்த நெனச்சீக?”

“போக விடாம இங்க பிடிச்சு வச்சா, அந்தப் புள்ள ஆயுசுக்கும் உன் மகன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். எப்புடிப் பாக்கும்னு நெனச்சேன்” என்றார் அண்ணன்.

மகன் ஷீட்டுகளை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். உள்ளே என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் காலில் விழுந்து அழுதிருப்பேன். மறுநாள் காலையில் காப்பி போட்டுவிட்டுப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சில நாள் போட்டு வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு போடுவதை விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் அறையின் பின்சுவரில், சந்துப் பக்கமாகச் சுவரை உடைத்து ஒரு வாசல் வைத்தார். வேப்ப மரக் கதவு, புதுத் தாழ்ப்பாள், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் ஒரு படி. ஒரு நாள் முழுக்க நின்று வேலையைப் பார்த்தார். நிலை கோணாமல் இருக்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டு அவரே சரிபார்த்தார். சாயங்காலம் சாவியை என் கையில் கொடுத்து, “இனிமே இங்குட்டு வந்து போயிக்கிருங்க. உங்களுக்கும் வசதியா இருக்கும்” என்றார்.

“சரிண்ணே” என்றேன்.

அன்று இரவே கொல்லைக் கதவு அந்தப் பக்கமாகத் தாழிடப்பட்டது. மகள் புது வாசலில் நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். “நல்ல கதவும்மா” என்றாள்.  தாய்வீடு என்று எனக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அப்பா, அம்மா போய் வெகு காலம் ஆகிவிட்டது. சுவர் ஒன்றுதான், அடுத்த பக்கம் அண்ணன் இருமுவதுகூடக் கேட்கும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் இனி நான் சந்து வழியாகச் சுற்றி, தெருவுக்கு வந்து, அந்நிய ஆள் மாதிரி முன்வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

சென்னைக்கு வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கிருந்து மொத்தமாகப் பயிற்சிக்குப் பெங்களூருக்குக் கூட்டிப் போவார்களாம். தேவகோட்டையிலிருந்து இன்னொரு பெண்ணும் தேர்வாகியிருந்தாள்; அவள் அப்பா கூட்டிப் போவதாகவும், என் மகளையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். “நீ அங்க வந்து கேட்டுல நின்னு அழுவே. அதைப் பாத்துட்டு எனக்கு உள்ள போகக் காலு வராது. இங்கயே இரும்மா” என்றாள் மகள்.

கிளம்புகிற அன்று குளித்துவிட்டு, மாமாவிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று சந்து வழியாகச் சுற்றிப் போனாள். நானும் பின்னால் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. அவ்வளவு காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாராம். அன்று அவருக்கு எங்கேயும் வேலை கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஷீட்டு வண்டி வாசலில்தான் நின்றது.

மதினிதான் கதவைத் திறந்தார். என் மகள் அவர் காலில் விழுந்தாள்.  மதினி உள்ளே போய்த் திருநீறு எடுத்து வந்து பூசிவிட்டார். 

“நேரத்துக்குச் சாப்பிடு” என்றார். 

“சரி அத்தை.”

“அங்குட்டு எல்லாம் சப்பாத்தியாத்தான் போடுவாக. பிடிக்கலன்னு பட்டினி கெடக்காத.”  கதவைச் சாத்திக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனோம். அங்கே போய் இறங்கினால், அண்ணன் மகன் பைக்கில் வந்து நின்றுகொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை. பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். தேவகோட்டைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிளாட்பாரத்தில் அவனும் மகளும் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

“புது ஷூவை மொத நாளே போட்டுக்கிட்டு ஓடாத. குதிகால் புண்ணாயிரும்.”

“தெரியும்.”

“மூச்சை வாயால வாங்காத.”

“தெரியும் மச்சான். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே.”

“அங்க மதகுகிட்ட உக்கார முடியாது. பாத்துக்க.”

“உக்காந்தது நீங்க” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், சிரிப்பு வரவில்லை. “மாமாகிட்டச் சொல்லிருங்க.”

“என்னன்னு?”

அவள் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறும்போதும் அவள் பிளாட்பாரத்தின் வாசல் பக்கமே பார்த்தாள். நானும் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடம் சேர்த்தது, காய்ச்சலுக்கு ஊசி போடத் தூக்கிப்போனது, பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான். அவர் வராமல் அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. ரயில் நகர்ந்தபோது அவள் எனக்குக் கை காட்டினாள். கண் மட்டும் எனக்குப் பின்னால் இருந்த வாசலில் இருந்தது. அண்ணன் வரவில்லை.

ரயில் போன பிறகு அண்ணன் மகன், “வாங்க அத்தை, கொண்டுபோய் விட்டுறேன்” என்றான். பைக்கில் வந்தேன். சந்து முனையில் இறக்கிவிட்டான். ஒரு தடவை பெட்டி வைத்திருந்த தோளைத் தடவிக்கொண்டான். அப்புறம் தெருப்பக்கமாகத் திருப்பிப் போய்விட்டான்.

மறுநாள் அண்ணனும் மதினியும் மகனும் நெற்குப்பைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையின் அத்தை முன்னால் போவது எங்களில் வழக்கம். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். அன்று பள்ளிக்கூடம் உண்டு, பிள்ளைகளுக்கு முட்டை அவிக்க வேண்டும். நான் வேலைக்குப் போனேன்.